பிஸ்கட் டின்னில் இருக்கும் பற்றுச்சீட்டுகளை எரித்துவிடாதீர்கள்

அட்டன்–டிக்கோயா நகர சபை எல்லைக்குள் தையல் கடை வைத்திருக்கும் 54 வயது வாசகர் ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் தெருவும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை நானும் மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அப்பா தோட்டத்தில் பிறந்து, தையல் பழகி, 1976இல் டவுனுக்கு வந்து ஒரு பழைய கட்டடத்தில் இடம் பிடித்தவர். முன்னால் கடை, பின்னால் இரண்டு அறையும் குசினியும். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் கிடையாது. மாதம் பிறந்தால் வாடகை, அதற்கு ஒரு பற்றுச்சீட்டு, அவ்வளவுதான். 2000இல் அப்பா இறந்தார். மகன் அதே மெஷினில் உட்கார்ந்தார். 2001 ஜனவரியில் இருந்து பற்றுச்சீட்டு மகன் பெயருக்கு மாறியது. 2007இல் கட்டட முதலாளி காலமானார். அவருடைய கணக்குப்பிள்ளை மட்டும் இன்னும் இரண்டு வருடம் மாதாமாதம் வந்து 1,250 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். 2009 ஜூனுக்குப் பிறகு அவரும் வரவில்லை, இவரும் தேடிப் போகவில்லை.

அன்றிலிருந்து நகர சபைக்குச் சோலை வரி கட்டுவது இவர்தான். ஒரு மழைக்காலத்தில் பின்பக்க மண்மேடு சரிந்து குசினிச் சுவர் விழுந்தபோது, கடன் வாங்கிச் சுவரைக் கட்டியதும் தகரம் மாற்றியதும் இவர்தான். 2023இல் முதலாளியின் பிள்ளைகளிடம் கட்டடத்தை வாங்கிவிட்டதாக ஒருவர் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பினார்: "இனி வாடகையை எனக்குச் செலுத்துங்கள்." நம் வாசகர் யாரையும் கேட்காமல் பதிவுத் தபாலில் பதில் போட்டார்: "இது எங்கள் இடம். நாற்பது வருடத்துக்கு மேலாக இருக்கிறோம். உமக்கு வாடகை தர வேண்டியதில்லை." இப்போது மாவட்ட நீதிமன்றத்தில் இருந்து அழைப்பாணை வந்திருக்கிறது. ஆதன உரிமையைப் பிரகடனம் செய்ய வேண்டும், இவரை வெளியேற்ற வேண்டும், மாதம் 25,000 ரூபாய் வீதம் நட்டஈடு வேண்டும் என்று வழக்கு.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் மூன்று கேள்விகள். பத்து வருடம் ஆண்டு அனுபவித்தால் இடம் நமக்குத்தானே? பெட்டிசம் எழுதும் ஒருவர், பழைய வாடகைப் பற்றுச்சீட்டுகளை எரித்துவிட்டு 75,000 ரூபாய் செலவில் ‘வெளிப்படுத்தல் உறுதி’ ஒன்று முடிக்கலாம் என்கிறாரே, செய்யலாமா? புதியவரோ இரண்டு வருடக் குத்தகை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வைத்தால் வழக்கைக் கைவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறாரே, அதை ஏற்கலாமா?

ஐயா,

மூன்றாவது கேள்வியைத்தான் நீங்கள் கடைசியில் ஓரிரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. அதற்கு வருகிறேன். முதலில் ஒரு வேலை: பற்றுச்சீட்டுகள் மெஷினுக்குக் கீழே பிஸ்கட் டின்னில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதை வாசித்து முடித்ததும் அந்த டின்னை எடுத்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நம் ஊர் ஈரத்தில் கடதாசி என்ன பாடுபடும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அவற்றில் மூன்றைப் படம் பிடித்து அனுப்பியிருந்தீர்கள். ஒன்றில் உங்கள் பெயர், ‘கடையறை வாடகை’ என்ற சொல், 1,250 என்ற தொகை, முத்திரைக்கு மேல் குறுக்காக முதலாளியின் கையெழுத்து, 2003 மார்ச். கார்பன் மை கொஞ்சம் கலைந்திருந்தாலும் எல்லாம் வாசிக்க முடிகிறது. இதை நீங்கள் உங்களுக்கு எதிரான சாட்சி என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். நான் உங்கள் வழக்கை எடுத்திருந்தால், முதல் நாளே இதைத்தான் கேட்டு வாங்கியிருப்பேன்.

பத்து வருடக் கதை

‘பத்து வருடம் இருந்தால் இடம் சொந்தம்’ என்ற பேச்சு மலையகத்தில் எல்லா பசாரிலும் உண்டு. அது முழுப் பொய்யும் இல்லை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் காலவரையறைக் கட்டளைச் சட்டத்தில் பத்து வருட ஆட்சி பற்றிய பிரிவு இருக்கிறது. ஆனால் அந்தப் பத்து வருடமும் உரிமையாளரின் உரிமைக்கு எதிராக, அல்லது அதைச் சாராமல், இடையூறின்றி ஆண்டதாக இருக்க வேண்டும். வாடகை கொடுப்பதோ வேறு கடமை செய்வதோ, இன்னொருவரின் உரிமையை ஒப்புக்கொள்ளும் எந்தச் செயலும் அதில் இருக்கக் கூடாது. இந்தப் பின்பாதியைப் பசாரில் யாரும் சொல்வதில்லை.

உங்கள் அப்பா வாசலுக்குள் வந்தது வாடகைக்காரராக. நீங்களும் 2009 வரை வாடகைக்காரர். அப்படி உள்ளே வந்தவர், மனதுக்குள் ‘இனி இது என்னுடையது’ என்று நினைத்துக்கொண்ட நாளில் இருந்து காலம் ஓடத் தொடங்காது. உரிமையாளருக்குத் தெரியும்படி, வெளிப்படையாக ஒரு செயலைச் செய்து பழைய உறவை முறித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பத்து வருடம் போக வேண்டும். வாடகை வாங்க ஆள் வரவில்லை, நானும் கொடுக்கவில்லை என்பது அப்படியான செயல் ஆகாது. நீதிமன்றம் அதை வாடகைப் பாக்கி என்றுதான் பார்க்கும். நீங்கள் முதன்முதலாக ‘இது எங்கள் இடம்’ என்று வெளிப்படையாகச் சொன்னது 2023இல் எழுதிய அந்தக் கடிதத்தில். அதிலிருந்து எண்ணினால் பத்துக்கு இன்னும் எவ்வளவோ தூரம் இருக்கிறது.

சோலை வரிப் பற்றுச்சீட்டும், லைட் பில்லும், வாக்காளர் இடாப்பில் உள்ள பெயரும் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்பதைக் காட்டும். நீங்கள் இருந்ததை யாரும் மறுக்கவில்லை. எந்த உரிமையில் இருந்தீர்கள் என்பதுதான் கேள்வி, அதற்கு அவை பதில் சொல்லாது. சுவர் கட்டியதும் அப்படித்தான். உரிமையாளரின் சம்மதத்தோடு செய்த திருத்தத்துக்கு நட்டஈடு கேட்க இடமிருக்கிறது. சம்மதம் இல்லாவிட்டால் அது கஷ்டம். எப்படியும் கேட்பதானால், வழக்குக்குப் பதிலாக நீதிமன்றத்தில் நீங்கள் தாக்கல் செய்யும் மறுமொழியிலேயே கேட்க வேண்டும். சீமெந்து வாங்கிய பில், மேசனுக்குக் கொடுத்த கணக்கு எது இருந்தாலும் தேடி வையுங்கள். சுவர் கட்டியதால் நிலம் உங்களுக்கு வந்துவிடாது.

ஒரு தீபாவளிக்கு முதலாளி கடைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் உங்கள் அப்பாவின் தோளில் கை போட்டு, "இந்தக் கடை உனக்குத்தாண்டா" என்று சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்ல மனதோடு சொல்லியிருக்கலாம். ஆனால் 1840ஆம் ஆண்டில் இருந்து இந்த நாட்டில் அசையா ஆதனம் கைமாற வேண்டுமானால் அது எழுத்தில், நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு முடிய வேண்டும். வாய்ச்சொல்லைச் சட்டம் எடுத்துக்கொள்ளாது.

இந்தப் பத்து வருடக் கதையில் நம் சனங்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று எனக்குப் புரிகிறது. மூன்று நான்கு தலைமுறை லயத்தில் பிறந்து வளர்ந்து, தங்கள் பெயரில் ஓர் உறுதிகூடப் பார்க்காத சனம். ‘இருந்தால் சொந்தம்’ என்று ஒரு சட்டம் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 1973இல் வீட்டு ஆதன வரையறைச் சட்டம் வந்து, அளவுக்கு மேல் வீடு வைத்திருந்தவர்களின் மேலதிக வீடுகளில் குடியிருந்தவர்கள் சிலர் அவற்றை வாங்கிக்கொள்ள முடிந்தது. அந்த ஞாபகமும் சேர்ந்து இந்தக் கதையை வளர்த்திருக்க வேண்டும். வாடகை வீட்டில் இருந்த எல்லோருக்கும் வீடு கொடுத்த சட்டம் இல்லை அது. அப்புறம், லயத்தில் இருந்துகொண்டு இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பெருந்தோட்டக் காணிகளில் பெரும்பகுதி 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களோடு அரசின் கைக்குப் போனவை. பத்து வருட ஆட்சி என்ற வாதம் அரசுக்கு எதிராக எடுபடாது. உங்கள் காணி உரிமைப் பிரச்சினை வேறு. இந்தப் பதிலை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

‘நானே உரிமையாளன்’ என்று சொல்வதில் உள்ள ஆபத்து

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம், 116ஆம் பிரிவு. வாடகைக்காரராக உள்ளே வந்தவர், வாடகை உறவு நீடிக்கும் காலத்தில், உள்ளே விட்டவருக்கு அன்று உரிமை இருக்கவில்லை என்று சொல்ல அது இடம் கொடுக்காது. ஆகவே பழைய முதலாளிக்கு 1976இல் உரிமை இருந்ததா என்று கிளறுவதில் பயனில்லை.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. வாடகைக்காரருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, ‘நான் வாடகைக்காரன்’ என்று சொல்பவருக்கு மட்டும்தான். நீதிமன்றத்தில் அதை மறுத்து, ‘நானே உரிமையாளன்’ என்று வழக்காடித் தோற்றவர், அப்புறம் திரும்பி வந்து ‘எனக்கு முன்னறிவித்தல் தரவில்லையே, வாடகைச் சட்டம் என்னைக் காக்குமே’ என்று கேட்க முடியாது. இரண்டு தோணியில் கால் வைக்க நீதிமன்றம் விடாது.

வழக்காளியின் சட்டத்தரணிக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது. நீங்கள் அனுப்பிய வழக்குரைப் பிரதியில் ஒன்பதாம் பந்தியை மறுபடி வாசித்துப் பாருங்கள். உங்களை ‘வாடகைக்காரர்’ என்று அதில் ஓரிடத்திலும் சொல்லவில்லை. ‘சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்’ என்கிறார்கள். அதற்கு ஆதாரமாக இணைத்திருப்பது உங்கள் கையால் எழுதிய கடிதத்தைத்தான். 

காசாகவே கணக்குப் பாருங்கள். நீங்கள் அத்துமீறித் தங்கியவர் என்று தீர்ப்பானால், அவர்கள் கேட்கும் 25,000 ரூபாய் முழுவதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டால், இரண்டு வருடத்துக்கே ஆறு இலட்சம். வாடகைக்காரர் என்று நிலைத்தால், பழைய வாடகை வீதத்தில் அதே இரண்டு வருடத்துக்கு 30,000. எழுத்து ஒப்பந்தம் இல்லாத வாடகைப் பாக்கிக்கு வழக்குப் போடும் காலம் மூன்று வருடம். ஆகவே 2009இல் இருந்து பாக்கி மலைபோல் குவிந்து கிடக்கிறது என்று நீங்கள் தூக்கம் கெடத் தேவையில்லை.

அந்தக் கடிதத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். எழுதியது எழுதியதுதான், மறைக்க முடியாது. குறுக்கு விசாரணையில் அதை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். ஆனால் சட்ட ஆலோசனை இல்லாமல், பயத்தில் எழுதிய ஒரு கடிதமும், நீதிமன்றத்தில் நீங்கள் முறைப்படி எடுக்கும் நிலைப்பாடும் ஒரே எடை அல்ல. மறுமொழி இன்னும் போகவில்லை. எந்தப் பக்கம் நிற்பது என்று தீர்மானிக்க உங்களுக்கு இன்னும் இடமிருக்கிறது. இனி அவர்களுக்கு நீங்களாக ஒரு வரிகூட எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பிலும் வேண்டாம்.

பெட்டிசம் எழுதுபவர் சொன்ன யோசனை பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ‘இது என்னுடையது’ என்று நாமே நொத்தாரிசிடம் போய்ச் சொல்லி முடிக்கும் வெளிப்படுத்தல் உறுதியால் இல்லாத உரிமை உண்டாகாது. பற்றுச்சீட்டை எரிப்பது குற்றத்தில் கொண்டுபோய் விடும், பலனும் இல்லை. நீங்கள் பிரதியை எரித்தாலும் அடிக்கட்டை முதலாளி குடும்பத்திடம் இருக்கலாம். சாட்சிக் கூண்டில் நின்று ‘வாடகையே கொடுத்ததில்லை’ என்று நீங்கள் சத்தியம் செய்த பிறகு அந்த அடிக்கட்டைப் புத்தகம் மேசைக்கு வந்தால், உங்கள் மற்ற எந்தச் சொல்லையும் நீதிபதி நம்ப மாட்டார். அந்த 75,000 ரூபாயை வைத்துக்கொள்ளுங்கள், சட்டத்தரணிக்கும் பதிவகப் பிரதிகளுக்கும் தேவைப்படும்.

வாடகைக்காரர் என்றால் என்ன கிடைக்கும்

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் அடங்கும் இடங்களில் இருந்து வாடகைக்காரரை ‘எனக்கு வேண்டும், போ’ என்று அனுப்ப முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்று வேண்டும்: வாடகைப் பாக்கி, உரிமையாளருக்கு நியாயமாகத் தேவைப்படுவது, அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுவது, இடத்தைச் சீரழிப்பது போன்றவை. பாக்கி என்றாலும் அது சட்டம் சொன்ன அளவுக்குச் சேர்ந்திருக்க வேண்டும், உரிய முன்னறிவித்தல் கொடுத்திருக்க வேண்டும். முன்னறிவித்தலில் சொன்ன காலம் முடியுமுன் பாக்கியைச் செலுத்திவிட்டால் அந்தக் காரணத்தில் வழக்குப் போட முடியாத நிலையும் உண்டு. உங்களுக்கு வந்த கடிதத்தில் அப்படி ஒரு முறையான முன்னறிவித்தலையே நான் காணவில்லை.

உங்கள் இடம் இந்தச் சட்டத்துக்குள் வருமா? வரும் என்று நினைக்க நல்ல காரணங்கள் இருக்கின்றன. நகர சபை எல்லைக்குள் இருக்கிறது. கட்டடம் 1980க்கு முந்தியது. 2002ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு புதிதாக வாடகைக்கு விட்ட இடங்கள் பெரும்பாலும் பாதுகாப்புக்கு வெளியே போய்விட்டன. உங்கள் பெயருக்கு முதல் பற்றுச்சீட்டு வந்தது 2001இல். ஒரு வருட வித்தியாசம்! அந்த 2001 ஜனவரிச் சீட்டுத்தான் டின்னில் இருக்கும் எல்லாவற்றிலும் பெறுமதியானது. அப்பாவின் வாடகை உரிமை உங்களுக்கு எப்படி வந்தது என்ற நீண்ட வாதத்தையும் அது மிச்சப்படுத்துகிறது. முதலாளியே உங்களை நேரடியாக வாடகைக்காரராக ஏற்றுக்கொண்டதற்கு அது அத்தாட்சி.

இரண்டு விடயத்தை மட்டும் பார்க்க வேண்டும். வருடாந்தப் பெறுமதி ஒரு குறித்த அளவைத் தாண்டிய வியாபார இடங்கள் சட்டத்துக்கு வெளியே போகும். உங்கள் கட்டடத்தின் வருடாந்தப் பெறுமதி நகர சபையின் மதிப்பீட்டுப் பதிவேட்டில் இருக்கும். உறுதிப்படுத்திய பிரதி கேளுங்கள், பழைய வருடங்களுக்கும் சேர்த்து. மற்றது, உங்கள் இடம் வீடா, கடையா? சட்டம் பார்ப்பது முழுவதாக அல்லது பிரதானமாக எதற்குப் பாவிக்கிறீர்கள் என்பதை. முன்னால் ஒரு மெஷினும் பின்னால் ஐந்து பேர் குடும்பமும் என்றால் ஒரு விடை, முன்னால் நான்கு மெஷினும் பின்னால் துணிக்கட்டும் என்றால் வேறு விடை. கடிதத்தில் இதை நீங்கள் தெளிவாகச் சொல்லவில்லை. உங்கள் சட்டத்தரணியிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

புதியவருக்கு உரிமை வந்ததா?

இதைக் கேட்க உங்களுக்குத் தடை இல்லை. பழைய முதலாளியின் ஆரம்ப உரிமையை மறுக்கக் கூடாது என்பதுதான் 116ஆம் பிரிவு. அவரிடம் இருந்து அது இந்த மனிதருக்கு ஒழுங்காக வந்து சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. தவிர, இது உரிமைப் பிரகடனம் கேட்கும் வழக்கு. தன் உரிமையை நிரூபிக்கும் சுமை முதலில் வழக்காளியின் தோளில் இருக்கிறது. நீங்கள் அவசரப்பட்டு ஒப்புக்கொண்டால் அந்தச் சுமை இறங்கிவிடும்.

முதலாளிக்கு மூன்று பிள்ளைகள், ஒருவர் கனடாவில் என்று எழுதியிருக்கிறீர்கள். உறுதியில் மூவரும் கையெழுத்திட்டார்களா? கனடாவில் இருப்பவருக்காக யாராவது அற்றோணித் தத்துவத்தை வைத்துக் கையெழுத்திட்டார்களா? இருவர் மட்டும் விற்றிருந்தால் அவர்கள் பங்குதான் போயிருக்கும். உங்கள் பகுதிக்குரிய காணிப் பதிவகத்தில் அந்த ஆதனத்தின் ஏட்டைத் தேடச் சொல்லி, பதிவுச் சாரத்தின் பிரதி எடுங்கள். தேடுவதற்கு வேண்டிய விவரம் வழக்குரையின் அட்டவணையிலேயே இருக்கிறது: நான்கு எல்லை, பேர்ச்சஸ் கணக்கு, தொகுதி, பக்கம். இது பெரிய செலவில்லை.

ஆனால் அதிகம் எதிர்பார்க்கவும் வேண்டாம். பங்கு குறைவாக இருந்தாலும் அவர் கூட்டு உரிமையாளராக இருப்பார், உங்களுக்கு நிலம் வராது. உறுதி சுத்தமாக இருந்தால், சண்டையை அங்கே நிறுத்திவிட்டு, அவரை வீட்டுக்காரராக ஏற்று வாடகைக்காரராக நிற்பதுதான் புத்தி. கட்டடம் கைமாறினால் வாடகை உறவு அறுந்துவிடாது. வாங்கியவர் பழைய முதலாளியின் இடத்தில் வந்து உட்காருகிறார், அவ்வளவுதான்.

அதனால்தான் வாடகையை இப்போதே கட்டத் தொடங்குங்கள் என்று எடுத்த எடுப்பில் நான் சொல்லவில்லை. வாடகைச் சட்டத்தின்படி, வீட்டுக்காரரிடம் நேரே கொடுக்காமல் நகர சபையில் அதற்கான அதிகாரம் பெற்றவரிடம் வாடகையைச் செலுத்தலாம். அது வீட்டுக்காரருக்குக் கொடுத்ததாகவே கணக்காகும். ஆனால் யார் பெயரில் கட்டுகிறீர்களோ அவரை வீட்டுக்காரராக ஏற்றுக்கொண்டதாக ஆகும். ஆகவே முதலில் பதிவகம், பிறகு சட்டத்தரணியோடு முடிவு, பிறகு பணம். இந்த வரிசை மாறக் கூடாது. மாதக்கணக்கில் இழுத்தடிக்கவும் கூடாது. ஒவ்வொரு மாதமும் பாக்கி கூடுகிறது.

அந்த இரண்டு வருட ஒப்பந்தம்

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. வழக்கை வாபஸ் வாங்குகிறேன், மாதம் 25,000க்கு இரண்டு வருடக் குத்தகை எழுதுவோம் என்று ஆள் அனுப்பியிருக்கிறார். உங்களுக்கு அது சமாதானமாகத் தெரிகிறது. உங்கள் மனைவிக்கும் அதுதான் விருப்பம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

கையெழுத்து வைத்த அன்று 1976இல் தொடங்கிய வாடகை உறவை நீங்களே முடித்து வைத்தவராக ஆவீர்கள். புது ஒப்பந்தம் 2002க்குப் பிந்தியது, பழைய பாதுகாப்பு அதற்குக் கிடைக்குமென்று எதிர்பார்க்க முடியாது. அத்தோடு, எழுத்தில் குத்தகைக்குக் கொடுத்த இடங்களை வேகமாக மீட்பதற்கென்றே 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. இரண்டு வருடம் முடிந்ததும் உங்களை வெளியேற்ற அவருக்கு இன்றைய வழக்கைவிடச் சுருக்கமான வழி கிடைத்துவிடும். இந்த யோசனையைச் சொல்லிக் கொடுத்தவர் சட்டம் தெரிந்தவர். வழக்கில் வெல்வது நிச்சயமென்றால் அவர் ஏன் ஆள் அனுப்புகிறார் என்றும் யோசியுங்கள்.

சமாதானமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையில் இந்த வழக்கு சமாதானத்தில் முடிவதைத்தான் விரும்புவேன், மேன்முறையீடு வரைக்கும் போனால் உங்கள் மகள் படிப்பை முடித்துக் கல்யாணமும் கட்டியிருப்பாள். ஆனால் எதைப் பேசுவது என்பது முக்கியம். பழைய வாடகை உறவை ஏற்றுக்கொண்டு வாடகையை மட்டும் கூட்டுவது ஒரு வழி. 1,250 ரூபாய் இந்தக் காலத்து வாடகை இல்லை என்பதை நாமும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். இன்னொரு வழி, நல்ல தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு, போதிய அவகாசத்தோடு வெளியேறுவது. உங்களுக்கு வேறு இடத்தில் கடை போடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் இதை ஒதுக்காதீர்கள். பாதுகாப்புள்ள வாடகைக்காரர் இருக்கும் கட்டடத்தின் விலை வேறு, வெறும் கட்டடத்தின் விலை வேறு. அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு கேட்பது பிச்சை அல்ல. உங்களிடமே விற்க அவர் தயாரா என்றும் கேட்டுப் பார்க்கலாம். எதுவானாலும் சட்டத்தரணி மூலம், நீதிமன்றத்தில் பதிவாகட்டும். பதிவான சமாதானம் தீர்ப்பாணையாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ‘இந்தத் திகதியில் வெளியேறுகிறேன்’ என்று ஒத்துக்கொண்டால், அந்தத் திகதியில் நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் பிஸ்கால் வாசலில் நிற்பார்.

தவணைக்கு முன்

அழைப்பாணைத் திகதியில் நீங்கள் கட்டாயம் போக வேண்டும். சட்டத்தரணியிடம் பிரொக்சி (உங்களுக்காக வழக்கில் தோன்ற அவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்) கொடுத்து, மறுமொழிக்குத் தவணை கேட்கச் சொல்லுங்கள். மழை, பஸ் இல்லை, சம்பள நாள் வியாபாரம் என்று போகாமல் விட்டால் வழக்கு ஒருதலையாகத் தீர்ந்துவிடும். அப்படித் தீர்ந்த தீர்ப்பாணையை நீக்கக் கேட்பதற்கு, அது உங்கள் கைக்கு வந்த நாளில் இருந்து 14 நாள்தான். வராததற்கு நியாயமான காரணமும் காட்ட வேண்டும்.

அழைப்பாணையும் வழக்குரையும் சிங்களத்தில் இருந்ததால் பக்கத்துக் கடைப் பையனை வாசிக்கச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வடக்கு, கிழக்குக்கு வெளியே நீதிமன்ற மொழி சிங்களம்தான். ஆனால் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி உங்கள் மறுமொழியைத் தமிழில் தாக்கல் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. நடப்பது விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பு தர வேண்டியது அரசின் கடமை. கேட்க வெட்கப்படாதீர்கள். விளங்காமல் தலையாட்டி, பிறகு அழுதுகொண்டு வந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் போதாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அரச அமைப்பு அது. வருமானத்தைப் பார்த்து, தகுதி இருந்தால் வழக்கை ஏற்று நடத்துவார்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கையோடு எடுத்துப் போங்கள்.

‘இரவோடு இரவாகப் பூட்டை உடைத்துச் சாமானை வெளியே போட்டுவிடுவாரோ’ என்று உங்கள் மனைவி பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். நீதிமன்றக் கட்டளை இல்லாமல் உங்களை வெளியேற்ற அவருக்கு அதிகாரமில்லை, உறுதி கையில் இருந்தாலும். அப்படி நடந்தால் அன்றே பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ், சமாதானம் குலையும் நிலையில் உள்ள காணித் தகராறு ஆரம்ப நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே உரிமை யாருக்கு என்று பார்க்க மாட்டார்கள். தகவல் தாக்கல் செய்த நாளுக்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் உங்களைப் பலவந்தமாக வெளியேற்றியிருந்தால் திரும்ப உள்ளே விடச் சொல்லிக் கட்டளையிடலாம். இரண்டு மாதம் என்பதை மனைவியிடமும் சொல்லி வையுங்கள், நீங்கள் ஊரில் இல்லாத நேரத்தில் நடந்தாலும் அவர் போக வேண்டும்.

சட்டத்தரணியைப் பார்க்கப் போகும்போது பற்றுச்சீட்டுகளைத் திகதி வரிசைப்படி அடுக்கி, ஒவ்வொன்றையும் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். எழுத்து மங்கியவற்றை இன்றே மகளிடம் சொல்லிப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். மூலச் சீட்டுகளை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதீர்கள், நீதிமன்றத்தில் அடையாளமிட்டுச் சமர்ப்பிக்கும் நாள் வரை அந்த டின் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.